மண் மறுக்கப்பட்டவர் பொன் எடுத்த கதை

பொன்னைப் புகழாத புலவர் இல்லை. கடவுளின் மேனிக்குப் பொன் உவமை. காதலியின் நிறத்துக்குப் பொன் உவமை. மன்னனின் கொடைக்கோ பொன்மழையே உவமை! பொன்னால் கலசம் செய்து கோபுரத்தின் உச்சியில் ஏற்றினோம். பொன்னால் தேர் செய்து வீதியில் இழுத்தோம். பெண்ணைப் பெற்றவன் பொன் வாங்கப் பணமின்றிப் பெருமூச்சு விடும் காட்சி இன்றும் நம் தெருக்களில் உண்டு. இத்தனை புகழ் பொன்னுக்கு! ஆனால், அந்தப் பொன்னைப் பூமியின் வயிற்றுக்குள் இறங்கி வெட்டி எடுத்தானே ஒருவன், அவனை எந்தப் புலவர் பாடினார்? அவன் பெயரை எந்தக் கல்வெட்டு தாங்கியிருக்கிறது?

கோலார் தங்கவயல், கன்னட நாட்டின் எல்லைக்குள் இருக்கும் ஊர். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பேசிய மொழியோ தமிழ். வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற உழைப்பாளிகள் அவர்கள். அவர்களிலும் மிகுதியானவர் ஆதித்திராவிடர். சாம்பியன் ரீப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்றது. உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று என்று அதைப் போற்றுவர். போற்றட்டும்! ஆனால், வரலாறு படிப்பவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பரந்து விரிந்த நிலப்பரப்பு மேலே இருக்க, மனிதன் ஏன் பத்தாயிரம் அடிக்குக் கீழே போனான்? பொன்னாசையா? பொன் அவனுக்குச் சேரவில்லையே! அப்படியானால், அவனைத் தள்ளியது எது?

அதற்கு விடை தேடக் கோலாருக்குப் போக வேண்டியதில்லை. நம் செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரையில் நின்று பார்த்தாலே போதும்.

ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர் என்ற ஆங்கிலேயர் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்தவர். அன்றைய செங்கற்பட்டு மாவட்டம் என்பது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய மூன்றையும் தன்னுள் கொண்ட பெரும்பரப்பு. அந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து 1891-ஆம் ஆண்டு அவர் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அவர் கண்ட காட்சி என்ன? உழுதவனுக்கு நிலமில்லை. விதைத்தவனுக்கு விளைச்சலில்லை. படியாள் என்ற பெயரில், தந்தை வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தான். மகன் தீர்க்காத கடனுக்குப் பேரன் உழைத்தான். அவன் குடியிருந்த குடிசையின் மனைக்கட்டுகூட மிராசுதாருக்குச் சொந்தம். இன்று எதிர்த்துப் பேசினால், நாளைக் காலையில் கூரை இருக்காது. தரிசாகக் கிடக்கும் புறம்போக்கை உழுது பிழைக்கலாம் என்றால், அந்தத் தரிசுக்கும் முதல் உரிமை மிராசுதாருக்கே என்று மரபு பேசினார்கள். தானும் உழமாட்டான், பிறனையும் உழவிடமாட்டான். வைக்கோற்போரில் படுத்த நாயின் கதைதான்!

அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று 1843-இலேயே அறிவித்துவிட்டார்கள். ஏட்டில் அடிமை இல்லை. வயலில் இருந்தான்! காலில் விலங்கில்லை என்பது உண்மை. கடனும் மனையும் சாதியும் சேர்ந்து பூட்டிய விலங்குக்கு இரும்பு எதற்கு?

இந்த நிலையில் வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அப்பஞ்சத்தின் நினைவுச் சின்னம் ஒன்று இன்றும் நம் கடற்கரையில் உண்டு. மாமல்லபுரத்துக்குப் பின்புறமாக, கடலுக்கு இணையாகக் கிடக்கிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் சென்னை நகரத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. எலும்பும் தோலுமாக வந்தவர்கள் ஒரு வேளைக் கஞ்சிக்காகக் கூடை கூடையாக மண் சுமந்தார்கள். வெட்டியவன் பெயர் கால்வாய்க்கு இல்லை. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் நிலைத்தது.

செங்கற்பட்டில் டிரெமென்ஹீர் கண்ட நிலை, அதன் மேற்கெல்லையைத் தொட்டுக் கிடந்த வடஆர்க்காட்டுக்கு அந்நியமா என்ன? சேரிக்குச் சேரி அதே படியாள். ஊருக்கு ஊர் அதே மனைக்கட்டு. ஒரு பஞ்சம் போதும், ஒரு தலைமுறையையே வேரோடு பிடுங்கி எறிய. சிலர் கப்பலேறினர். இலங்கைத் தேயிலைக்கும், பர்மா நெல்வயலுக்கும், தென்னாப்பிரிக்கக் கரும்புக்கும் போயினர். கப்பலுக்குப் போகாதவர்களுள் பல்லாயிரவர் ரயிலேறினர், கோலாருக்கு.

அங்கே பொன் இருக்கிறது என்ற செய்தி வெள்ளையன் கண்டுபிடித்ததன்று. திப்பு வீழ்ந்த 1799-க்குப் பிறகு, மைசூரின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, 1802-ஆம் ஆண்டு அப்பகுதியில் மண்ணிலிருந்து பொன் எடுக்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டார். போய்ப் பார்த்தார். மாரிக்குப்பத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் குழிகளுக்குள் இறங்கிக் கல்லெடுத்துக் கொடுக்க, பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கிக் கழுவிப் பொன் துகளைப் பிரிப்பதைக் கண்டார். வாரன் எழுதிய குறிப்பைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தவர் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், படையிலிருந்து ஓய்வு பெற்றுப் பெங்களூரில் தங்கியவர். 1875-இல் அவர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். முதலின்றிச் சுரங்கம் நடக்குமா? 1880-இல் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. பழங்காலத்தவர் தோண்டிவிட்டுப் போன குழிகளே புதியவருக்கு வழி காட்டின. அவற்றுக்கும் கீழே தோண்டியபோது பொன்ரேகை சிக்கியது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் எழுந்தன.

பொன் கிடைத்தது, முதல் கிடைத்தது, இயந்திரம் கிடைத்தது. ஆள்? ஆளுக்கா பஞ்சம்! பஞ்சமே ஆளை அனுப்பியதே!

தங்கவயலில் அவனுக்குக் கிடைத்தது என்ன? மூங்கில் தட்டியால் கட்டிய குடிசை. ஆனால், அந்தக் குடிசையின் வாயிலில் மிராசுதார் இல்லை. மாதக் கூலி கையில் வந்தது, கடனுக்கு ஈடாக அல்ல, காசாக. இதைச் சிறிதென்று எண்ணிவிடக் கூடாது, தோழர்களே! ஊரில் செருப்பணிந்து தெருவில் நடக்க முடியாதவனுக்கு, காசைத் தானே எண்ணிச் செலவிடும் வாழ்வு புதிது. அதற்கு அவன் கொடுத்த விலை எவ்வளவு என்பதே நாம் பார்க்க வேண்டியது.

'ஷாப்ட்டு' என்று அவர்கள் அழைக்கும் செங்குத்தான கிணறு. அதன் வாயில் இரும்புக் கூண்டு. ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு விழுவதுபோல் இறங்கும். வெளிச்சம் தலைக்கு மேல் சிறு புள்ளியாகிப் பின் மறையும். கீழே போகப் போகக் குளிரும் என்று எண்ணுபவன் ஏமாந்து போவான். பூமியின் உட்புறம் வெப்பம் மிகுந்தது. ஆழம் கூடக் கூடப் பாறையின் வெப்பமும் கூடும். தங்கவயலின் அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. காற்றைக் குளிர்வித்துக் கீழே செலுத்தும் பொறிகள் பின்னாளில் வந்தன. வந்தும், பாறையை நேரில் எதிர்த்து நின்றவன் வியர்வையில் குளித்தபடியே வேலை செய்தான். துளைப்பொறி பாறையைத் துளைக்க, துளையில் வெடிமருந்து திணித்து, திரி கொளுத்தி, விலகி ஓடி, புகை அடங்கியதும் திரும்பி வந்து, உடைந்த பாறையை அள்ளி ஏற்ற வேண்டும். ஒரு டன் பாறையை நொறுக்கினால் கிடைப்பது சில கிராம் பொன்!

வெடியாவது மனிதன் வைத்தது; எப்போது வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பாறை தானே வெடிப்பதும் உண்டு. பல்லாயிரம் அடிப் பாறையின் கனத்தைத் தாங்கி நிற்கும் இடத்தில் நடுவே குடைந்து எடுத்துவிட்டால், அந்தக் கனம் முழுதும் எஞ்சி நிற்கும் பாறைமேல் சாய்கிறது. தாங்கும் வரை தாங்கும். தாங்காத கணத்தில், முன்னறிவிப்பின்றிச் சிதறும். பாறை வெடிப்பு என்று இதற்குப் பெயர். மேலே ஊரில் நிலம் அதிரும், சுவர் விரியும், சட்டிபானை உருளும். அதிர்ச்சி உணர்ந்ததும் பெண்கள் சமைத்த அடுப்பை அப்படியே விட்டு ஷாப்ட்டு வாயிலுக்கு ஓடுவார்கள். கூண்டு மேலே வரும். நடந்து வருபவன் யார், தூக்கி வரப்படுபவன் யார் என்று பார்க்கும் அந்த நிமிடத்தை அனுபவிக்காத குடும்பம் தங்கவயலில் எத்தனை இருந்திருக்கும்?

'தலைவிதி' என்றனர் சிலர். 'பூமித்தாயின் கோபம்' என்றனர் வேறு சிலர். தாய்க்குப் பலியும் பூசையும் நடந்தன. பூசை நடந்த வாரத்திலும் பாறை வெடித்தது! வெடிப்புக்குக் காரணம் கோபமன்று, கனம் என்பதைக் கருவிகள் காட்டின. எந்த முறையில் குடைந்தால் ஆபத்து குறையும், எதை இட்டு நிரப்பினால் பாறை தாங்கும், அதிர்வை எப்படி அளப்பது என்று பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். பாறையியலுக்கென்று ஒரு தேசிய ஆய்வு நிறுவனமே 1988-இல் தங்கவயலில் அமைந்தது. ஆக, ஆபத்துக்குக் காரணம் உண்டு. காரணத்தை அறிந்தால் குறைக்க வழியும் உண்டு. தலையில் எழுதியது என்று சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த பிணத்துக்குப் பாடை கட்டுவது ஒன்றே மிஞ்சும்.

பாறை வெடிப்பு ஒரு நொடியில் கொல்லும். ஓசையின்றிக் கொல்லும் பகைவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் தூசி. பொன்ரேகை ஓடும் வெண்கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் புகும். புகுந்தது வெளியே வராது. அங்கே தழும்பாகி, நுரையீரலைக் கல்லாக்கும். சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் பெயரிட்ட இந்நோய்க்கு மருந்தில்லை. தூசியைத் தடுப்பதே வழி. இருமியவனைக் காசநோய்க்காரன் என்றும், பலவீனன் என்றும், குடிகாரன் என்றும் சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டால் நிறுவனத்தின் கணக்கில் ஒரு சாவும் ஏறாது. சாவு வடஆர்க்காட்டுச் சேரியின் கணக்கில் ஏறும்! 1880-இல் பெரிய அளவில் தொடங்கிய சுரங்கத்தில், முறையான மருத்துவ ஆய்வு 1940-களில்தான் நடந்து முடிந்தது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர் நுரையீரலில் நோயின் தடம் இருந்தது! இரண்டு தலைமுறை மூச்சுத் திணறிச் செத்த பிறகு வந்த கணக்கு அது.

இப்படி உழைத்தவனை எப்படி நடத்தினார்கள்? திருடன் என்று! சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் உடல் முழுதும் சோதனை. பொன் கலந்த மண்ணைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். லண்டனில் உட்கார்ந்து இலாபப் பங்கை எண்ணியவனைச் சோதித்தவர் யார்? 1930-ஆம் ஆண்டு, தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டளை பிறந்தது. அன்று கைரேகை எடுக்கப்பட்டது யாரிடம்? சிறைக் கைதியிடம். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவரிடம். தங்கவயல் பொங்கியது. சங்கம் இல்லை, பெயர் சொல்லத்தக்க தலைவர் இல்லை. ஆயினும், ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். கூலி போதாதென்று எழுந்ததைவிட உயர்ந்த குரல் அது. 'எங்கள் உழைப்பை வாங்கினாய். எங்கள் மானத்தை வாங்கவில்லை' என்ற பொருள் அந்த வேலைநிறுத்தத்துக்குள் இருந்தது.

இங்கே மாமல்லபுரத்தை நினைத்துப் பார்ப்பது பொருந்தும். அங்கும் பாறை, அங்கும் உளி, அங்கும் தூசி. நரசிம்மவர்மன் பெயர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் ஒரு பாறை உண்டு. அதில் பழைய எழுத்தில் சில பெயர்கள்: கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கலியாணி. அந்தக் கல்லை உயிர்ப்பித்த சிற்பிகளின் பெயர்கள் இவை என்று ஆய்வாளர் கருதுவர். மன்னராட்சிக் காலத்துத் தச்சனுக்குத் தன் பெயரைப் பாறையில் பொறிக்க ஓர் இடமாவது இருந்தது. நாகரிகம் முதிர்ந்ததாகச் சொல்லப்பட்ட இருபதாம் நூற்றாண்டில், பொன் எடுத்த தமிழனிடம் கேட்கப்பட்டது பெயரன்று, கைரேகை!

கைரேகை கேட்டவர்களுக்குத் தெரியாத ஒன்று, அந்தக் கைகள் புத்தகமும் பிடித்திருந்தன என்பது. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் வலிமை வாய்ந்த கிளை தங்கவயலில் இயங்கியது. பண்டிதர் 1914-இல் மறைந்தார். அவர் நடத்திய 'தமிழன்' இதழ், பின்னர் 1926 முதல் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. ஆசிரியராக இருந்தவர் கோ. அப்பாதுரையார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கியது. பகலெல்லாம் பூமிக்குள் இருந்தவன் மாலையில் விளக்கடியில் அமர்ந்து, சாதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் படித்தான். ஊரில் ஏர்பிடித்தபோது தலைநிமிர முடியாதவன், கீழே இறங்கி உழைத்தபோது தலைநிமிரக் கற்றான். மிராசுதாரின் நிழல் விழாத இடத்தில் அறிவு எவ்வளவு விரைவாக முளைக்கிறது என்பதற்குத் தங்கவயல் சான்று.

அறிவியலுக்கும் அந்த ஆழம் உதவியது. காவிரியின் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம், 1902-இல் நூறு மைல் அளவு கம்பியில் பயணம் செய்து முதலில் சென்றடைந்த இடம் கோலார்ச் சுரங்கம். 1965-இல், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களுள் அங்கே ஆராய்ந்த அறிஞர்களும் இருந்தனர். மேலே கிடந்த ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட பாறை மற்றக் கதிர்களை வடிகட்டியதால் அது கைகூடியது. நாம் பெருமைப்படத் தக்க செய்திதான். அந்த ஆய்வுக்கூடத்துக்கு வழி குடைந்தவனின் நுரையீரலையும் சேர்த்து நினைத்தால் பெருமை முழுமையாகும்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்குச் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்குக் குறையாத பொன் அங்கிருந்து சென்றது. தங்கியது எது? சயனைடு கலந்த மண்மேடு. காற்றடித்தால் வீடுகளுக்குள் புகும் புழுதி. சிறிய குடியிருப்பு. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடிச் சென்று, இருட்டிய பின் திரும்பும் பேரப்பிள்ளைகள். பாட்டன் நிலமின்றி ரயிலேறினான், பேரனும் ரயிலேறுகிறான்!

இனிச் செங்கற்பட்டுக்குத் திரும்புவோம். கதையின் வேர் அங்கேதானே இருக்கிறது. டிரெமென்ஹீர் அறிக்கையின் பயனாக, 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்க வழி செய்தது அது. பத்தாண்டுகள் வரை விற்கக் கூடாது. அதன் பின்னும் பிற வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை நிலத்தோடு சேர்ந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். மாகாணம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு ஒதுக்கப்பட்டதாகக் கூறுவர். அந்த நிலம் உரியவன் கையில் நிலைத்திருந்தால், அவன் மகன் எதற்காகத் தூசியை மூச்சாக இழுக்கிறான்? கடனைக் காட்டியும், கையெழுத்து வாங்கியும், மிரட்டியும், எழுத்தறியாதவனை ஏமாற்றியும், நிபந்தனையைக் காற்றில் பறக்கவிட்டும் நிலம் கைமாறியது.

மாமல்லபுரத்துக்கு அருகேயுள்ள காரணை ஊரின் பஞ்சமி நிலத்தைக் கேட்டு மக்கள் எழுந்த ஆண்டு 1994. அந்த நிலத்தில் அவர்கள் நிறுவியது அம்பேத்கரின் சிலை. போராட்டம் மூண்டது. அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் துப்பாக்கி வெடித்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். டிரெமென்ஹீர் பேனா எடுத்து நூற்று மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன! அதே மாவட்டம், அதே நிலம், அதே மக்கள். பேனாவுக்கும் துப்பாக்கிக்கும் இடையே ஒரு நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

இளைஞர்களே, தங்கவயலின் கதையைக் கண்ணீர்க் கதையாக மட்டும் படித்து மூடிவிடாதீர்கள். ஆழம் ஆபத்தானது என்பது பாதி உண்மை. மனிதனை அந்த ஆழத்துக்குத் தள்ளிய மேல்மண்ணின் அநீதி மறுபாதி. கூண்டின் கயிற்றை உறுதியாக்குவதும், தூசியை நீர் தெளித்து அடக்குவதும், நோயாளிக்கு இழப்பீடு தருவதும் கட்டாயக் கடமைகள். கல்லுடைக்கும் இடத்திலும், கிரானைட் அறுக்கும் இடத்திலும், கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் இன்றும் மனிதன் இறங்கி மடிகிறானே, அங்கெல்லாம் இக்கடமைகளைக் கேளுங்கள். அதோடு நில்லாமல், அவன் ஏன் இறங்கினான் என்று மேலே திரும்பியும் கேளுங்கள்.

உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு இருந்தது, இன்று யார் கையில் இருக்கிறது என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். தகவல் கேட்கும் உரிமை இன்று சட்டமாகவே இருக்கிறது. உங்கள் தெருவில் தங்கவயலுக்குப் போய்த் திரும்பியவர், திரும்பாதவர் யார் யார் என்று முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். பூஞ்சேரிப் பாறையில் சில பெயர்கள் பிழைத்ததால் மாமல்லபுரத்தின் வரலாறு மன்னனோடு முடியவில்லை. பொன் எடுத்தவர்களின் பெயர்களும் ஏட்டில் ஏறட்டும். அவர்களின் பேரர்கள் பெயர் நிலப் பட்டாவில் ஏறட்டும்!